வெள்ளைச் சேவல் தீர்ந்த ஊர்க்காரர்

அவரிடம் யார் எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. முதலில் கேட்டவரின் முகத்தை ஒரு கணம் பார்ப்பார். ஜவுளிக்கடையில் நமக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று கணித்துவிட்டு அலமாரியிலிருந்து சேலையை உருவுகிறவர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு நமக்குப் பொருந்துகிற பதிலை எடுத்துப் பிரித்துப் போடுவார்.

மொன்றியல் நகரத்துச் செயின்ட்-மிஷேலில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் நிலவறையில் அவர் இருந்தார். நடுவில் வீட்டுக்காரர் குடும்பம். கூரைக்குக் கீழே நான். ஒரு ஜனவரியில் வெப்பக் குழாய் மக்கர் செய்தது. வீட்டுக்காரர் படியில் நின்றபடி, "கீழ குளிருதோ?" என்று கேட்டார். குளிரக் கூடாதே என்ற வேண்டுதல் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது.

"குளிரே இல்ல லா, முதலாளி. வேர்க்குது."

பத்து நிமிடம் கழித்து நான் இரண்டு ஸ்வெட்டரும் ஒரு போர்வையுமாக இறங்கிப் போய், "பாக், இங்க ரொம்பக் குளிருதுல்ல?" என்றேன்.

"செத்துருவோம் லா, தங்கச்சி."

இரண்டையும் ஒரே மனதோடு சொன்னார். பொய் சொல்கிறவர் கண்ணில் தெரியும் சின்னத் தடுமாற்றம்கூட இல்லை. அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார்.

அவர் தமிழர் இல்லை. இந்தோனேசியாவில் புளோரஸ் தீவின் மலைக்குள் ஒரு விவசாய ஊர். 'பாக்' என்பது அவர்கள் நாட்டில் பெரிய மனிதர்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல். இளவயதில் மலேசியாவுக்குப் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பன்னிரண்டு வருடம் குலை அறுத்திருக்கிறார். அங்கே மண்டோர், அதாவது மேஸ்திரி, தமிழர். கூட வேலை செய்தவர்களும் தமிழர்கள். அந்த வழியில் வந்த தமிழ் அது, வாலில் ஒட்டிய மலேசிய 'லா'வும். பிறகு கப்பலில் சமையல்காரர். கப்பல் மொன்றியல் துறைமுகத்துக்கு வந்தது, திரும்பிப் போனது. இவர் தங்கிவிட்டார்.

எப்படித் தங்கினார் என்பதற்கு மூன்று கதைகள் உண்டு. வீட்டுக்காரருக்குச் சொன்ன கதையில் கப்பல் தலைவனோடு கைகலப்பு வந்தது. வீட்டுக்காரருக்குச் சண்டைக் கதைகள் பிடிக்கும். தேவாலயத்துப் பாதிரியாருக்குச் சொன்ன கதையில், கரையில் இறங்கியதும் மணியோசை கேட்டது. எனக்குச் சொன்னதில் பதினெட்டு மணி நேர வேலை, மூச்சு முட்டும் அறை, தொழிலாளர் சுரண்டல் எல்லாம் இருந்தன. அந்த மாதம் நான் அதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். கையில் முறையான தாள்கள் இருந்தன என்பது மட்டும் நிச்சயம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலையும் இருந்தது. அங்கே கன்டெய்னர் லாரி ஓட்டிய வீட்டுக்காரர்தான் வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் அவரை 'அண்ணை' என்று கூப்பிடப் பழகியிருந்தேன். திருச்சியிலிருந்து வந்த எனக்கு 'அண்ணா'விலிருந்து 'அண்ணை'க்கு நகர ஒரு குளிர்காலம் தேவைப்பட்டது.

நான் அப்போது ஊரக வளர்ச்சியில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்தில் ஆசியாவின் வறுமைக்கு ஒரு வழி செய்துவிட்டு, மூன்றாவது வருடம் டாக்டர் பட்டத்துக்குப் பதிவதாகத் திட்டம். என் பேராசிரியருக்கு இந்தோனேசிய மலைக் கிராமங்கள்தான் களம். எனக்கும் அதையே தலைப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். போய் வர நிதி இல்லை என்பதையும் அதே மூச்சில் சொன்னார். அன்று மாலை மெட்ரோவில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து இறங்கியவளுக்கு வீட்டு வாசலில்தான் உறைத்தது. என் களம் என் காலடியில், இரண்டு தளம் கீழே, கருவாடு வறுத்துக்கொண்டிருக்கிறது.

ஒலிப்பதிவுக் கருவி, நான்கு நிறப் பேனாக்கள், நாற்பது கேள்விகள். சனிக்கிழமை காலை போய் உட்கார்ந்தேன்.

"பாக், உங்க ஊர்ல மக்களுக்கு முக்கியமான பிரச்சனை என்ன?"

முகத்தைப் பார்த்தார். "எந்தப் புராஜெக்ட் லா, தங்கச்சி? தண்ணியா, பள்ளிக்கூடமா, பொம்பளைங்களா?"

"புராஜெக்ட் எதுவும் இல்ல. சும்மா, உண்மையச் சொல்லுங்க."

"ஓ, உண்மை புராஜெக்ட்," என்றார். "அது எங்க ஊருக்கு இன்னும் வரல."

அவர் ஊரில் ஒரு வழக்கம். விருந்தாளி வந்தால் கையில் வெள்ளைச் சேவலைக் கொடுத்து வரவேற்க வேண்டும். வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது வீட்டுக்கே அவமானம். ஒரு காலத்தில் வருடத்துக்கு இரண்டு விருந்தாளிதான். பிறகு கணக்கெடுப்புக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். தண்ணீர்க் கணக்கெடுப்பு, மண் கணக்கெடுப்பு, கணக்கெடுத்தவர்கள் ஒழுங்காக எடுத்தார்களா என்று ஒரு கணக்கெடுப்பு. ஆளுக்கொரு சேவலை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் இறங்கிப் போனார்கள். சில வருடத்தில் ஊரில் வெள்ளைச் சேவலே இல்லாமல் போயிற்று.

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"என்னா செய்றது லா? அவங்க எதுக்கு வர்றாங்க, பதில் கேட்டுத்தானே வர்றாங்க. அதைக் குடுத்தோம். நல்ல பதிலா, கொழுத்ததா பாத்து."

நான் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் எனக்குத் திருவிழா ஆயின. ஊரில் ஜீப் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே கூரை சாய்ந்த வீடு ஒன்று இருக்கிறதாம். அதைப் பழுது பார்க்கக் கூடாது என்று ஊர்த்தலைவர் உத்தரவு. வருகிறவர்கள் படம் எடுக்க ஒரு வீடு வேண்டுமே. அந்த வீட்டுக்காரன் பின்னால் தகரம் போட்ட நல்ல வீட்டில் இருக்கிறான். ஜீப் சத்தம் கேட்டதும் பெண்டாட்டி பிள்ளைகளோடு முன்வீட்டுக்கு ஓடி வந்து சோகமாக உட்காருவான். ஒரே கிணற்றைச் சுற்றி நான்கு நிறுவனங்கள் நான்கு அடிபம்பு போட்டிருக்கின்றன. ஒன்றில் தண்ணீர் வருகிறது. மற்ற மூன்றும் ஆடு கட்ட வசதி.

விவசாயக் கதை இன்னும் மேல். காப்பியைப் பிடுங்கிவிட்டு வனிலா போடச் சொன்னார்கள். போட்டார்கள், விலை ஏறியது. எல்லா மலையிலும் எல்லாரும் போட்டார்கள், விலை விழுந்தது. வனிலாவைப் பிடுங்கிவிட்டு கோகோ போடச் சொன்னார்கள். அதில் புழு விழுந்தது. இப்போது காட்டாமணக்கு போடச் சொல்கிறார்கள், அதிலிருந்து டீசல் வடியுமாம். இதைக் கேட்டதும் எனக்குத் தேநீர் புரையேறியது. துறையூர்ப் பக்கம் எங்கள் பெரியப்பா இதே டீசல் ஆசையில் ஒன்றரை ஏக்கர் காட்டாமணக்கு போட்டு, கடைசியில் அதை வேலியாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு தூரத்துக்கு நட்டிருக்காங்க, பாக்?"

"ஜீப் வர்ற வரைக்கும்."

"அதுக்கு அப்பால?"

"அதுக்கு அப்பால மக்காச்சோளம். நாங்க சாப்பிடணும்ல."

எழுதி எழுதி நோட்டுகள் நிரம்பின. ஒரே ஒரு சங்கடம். பேராசிரியர் பெண்களின் உழைப்பைப் பற்றிப் படிக்கச் சொன்ன மாதம், ஊரின் பெரிய பிரச்சனை பெண்களின் உழைப்பாக இருந்தது. மண்ணரிப்பைப் படிக்கச் சொன்ன மாதம் மலையே சரிந்துகொண்டிருந்தது. அண்ணை ஒரு நாள் என் அட்டவணையை வாங்கிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, இது கப்பல்காரற்றை ஊரோ, உன்ரை புத்தகமோ?"

"அண்ணை, இது களத் தரவு."

"ஓம், ஓம். களம் நல்லாப் படிச்சிருக்கு."

பதிலுக்காகக் கேட்காத கேள்வி ஒன்றுக்குத்தான் அவரிடமிருந்து வேறு மாதிரி ஒன்று வந்தது. சனிக்கிழமை சாயங்காலங்களில் தெருமுனைப் பெட்டிக்கடையான தெப்பனரில் தொலைபேசி அட்டை வாங்கி வந்து ஊருக்குப் பேசுவார். அங்கே ஞாயிறு காலை. அவர் மகள், அலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான மலையுச்சிப் பலாமரத்தடிக்கு ஏறி வந்து காத்திருப்பாள். ஒரு சனிக்கிழமை அட்டையோடு சும்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய சன்னல் நடைபாதை மட்டத்தில் இருந்தது. போகிறவர்களின் பூட்ஸ் மட்டும்தான் தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசலையா, பாக்?" என்றேன். கையில் பேனா இல்லை.

முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "ஆறு ஏறிடுச்சு. பலாமரம் இந்தப் பக்கம். வீடு அந்தப் பக்கம்."

அப்படித்தான் தெரிந்தது. ஊர் ஆற்றின் இந்தக் கரையில். ஜீப், அடிபம்பு, சாய்ந்த வீடு, நடுநிலைப் பள்ளி எல்லாம் இங்கே. அவருடைய மனைவியும் மகளும் அந்தக் கரையில், முப்பது வீட்டுக் குடியிருப்பில். மழை மாதங்களில் ஆற்றைத் தாண்ட முடியாது. மகளுக்குப் பதின்மூன்று வயது. சென்ற மழையில் பாதி வருடப் படிப்பு போயிற்று, இந்த மழையிலும் போகிறது. அடுத்த மழையும் போனால் பள்ளியில் பெயரை எடுத்துவிடுவார்கள். பெயரை எடுத்தால் அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு ஒரே வழி, மலேசியா.

"செம்பனை அறுக்க," என்றார். அரிவாள் பிடிக்கிற மாதிரி விரலை மடக்கி விரித்தார். அவருக்கு இரண்டு விரல் முழுதாக மடங்காது.

நான் அன்றே முடிவு செய்தேன். நகர மையத்தில் ஓர் அறக்கட்டளை, தொலைதூரக் கிராமம் ஒன்றுக்கு நிதி தருவதாக அறிவித்திருந்தது. மூன்று வாரம் தூங்காமல் விண்ணப்பம் எழுதினேன்: ஆற்றின் மேல் ஒரு நடைபாலம். அவர்களிடமிருந்து அன்பான கடிதம் வந்தது. பாலம் என்பது கட்டுமானம், தங்கள் துறை நம்பிக்கை என்று எழுதியிருந்தார்கள். ஆனாலும் தீவும் ஊரும் மிகவும் பிடித்திருக்கிறதாம். காட்டாமணக்கு மாதிரி ஏதாவது சிந்திக்கலாமா, ஊர்க்காரர் ஒருவரின் குரலை நேரில் கேட்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

"பாக், நீங்க போய்ச் சொன்னா பாலம் கெடைச்சுரும். ஒரே வார்த்தை. காட்டாமணக்கு வேண்டாம்னு சொல்லணும்."

"சொல்லிட்டாப் போச்சு."

இந்தப் பதிலும் என் முகத்தைப் பார்த்து வந்ததுதான் என்பதால் அண்ணையின் சமையலறையில் ஒத்திகை வைத்தோம். அண்ணைதான் அறக்கட்டளை. கழுத்தில் என் சால்வையைச் சுற்றிக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

"ஐயா, உங்களுக்குப் பாலம் வேணுமோ, காட்டாமணக்கு வேணுமோ?"

"உங்களுக்கு எது வசதி, முதலாளி?"

"எனக்கு என்ன வசதி? உமக்கு என்ன வேணும், அதைச் சொல்லும்."

"நீங்க குடுக்கறது எதுவும் நல்லாத்தான் இருக்கும்."

"பிள்ளை, இவர் எலெக்ஷனிலை நிண்டா வெல்லுவார். இண்டர்வியூ சரிவராது." அண்ணை சால்வையை இறுக்கினார். "சரி, சின்னதிலை இருந்து வருவம். தேத்தண்ணி குடிக்கிறீரோ? இல்லை எண்டு சொல்லும்."

"இல்லை," என்றார். கொஞ்சம் பொறுத்து, "குடிக்கிறேன்."

ஐந்தாவது நாள் 'வேண்டாம்' வந்தது. திடமாக, எங்கள் மூவருக்கும் கேட்கிற மாதிரி வந்தது. அண்ணை கைதட்டினார். அடுப்பருகே நின்ற அண்ணி அதை நிஜமென்று நம்பி வடையும் தேநீரும் இருந்த தட்டை எடுத்துப் போய்விட்டாள். தட்டு போன திசையைப் பார்த்த அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நேர்காணலன்று காலை கோட்டு போட்டு, தலை படிய வாரி, படியேறி வந்தவர் கேட்ட முதல் கேள்வி, வழியில் வெள்ளைச் சேவல் எங்கே கிடைக்கும் என்பது. விருந்தாளியாகப் போவது நாம்தான், அவர்கள் இல்லை என்று நான் விளக்கினேன். "அவங்க நம்ம ஊரப் பத்திக் கேக்கறாங்க. அப்ப அவங்கதானே லா விருந்தாளி," என்றார். மெட்ரோவுக்குள் சேவலை விடமாட்டார்கள் என்று அண்ணை சொன்னதும் அடங்கினார்.

பதினாறாவது மாடி. கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஆறு உறைந்து கிடந்தது. எதிரே வெள்ளிமுடி அம்மையார் ஒருவர், நிஜமாகவே நல்லவர். கடுமையான சளி. அவர் இருமியதும் பாக் பையிலிருந்து இஞ்சி மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். அம்மையார் கண் கலங்கிவிட்டது. அவர் ஆங்கிலத்தில் கேட்க, நான் தமிழில் சொல்ல, பாக் தமிழில் பதில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் திருப்பினேன். இந்தோனேசியாவின் எந்த மொழி இது, இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று கேட்டார். தெற்கத்திப் பேச்சு என்றேன்.

கடைசியில் கேட்டே விட்டார். காட்டாமணக்கு ஊருக்கு வருமானம் தரும், பசுமையானது, தங்களுக்கு அதில் மிகுந்த நம்பிக்கை. ஊர் மக்கள் மகிழ்வார்கள்தானே?

பாக் அவர் முகத்தைப் பார்த்தார். அதே ஜவுளிக்கடைப் பார்வை. அவர் கையில் சேவல் இல்லை. கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றுதான் இருந்தது.

"ரொம்ப மகிழ்வாங்க, அம்மா. காட்டாமணக்குதான் எங்களுக்கு வேணும்."

அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். நான் என்ன மொழிபெயர்த்தாலும் அதுதான் ஊர்க்காரரின் குரல். 'வேண்டாம், பாலம்தான் வேண்டும்' என்று சொல்ல எனக்கு ஐந்து வினாடி ஆகியிருக்கும். ஆனால் முந்தின மாதம்தான் நான், கிராமத்தானின் சொல்லில் ஆய்வாளர் கை வைக்கக் கூடாது என்று இருபத்தைந்து பக்கத்தில் ஓர் அத்தியாயம் எழுதி முதல் மதிப்பெண் வாங்கியிருந்தேன். சொன்னதைச் சொன்னபடியே மொழிபெயர்த்தேன். ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணை முறைப்படி, பிழையில்லாமல், மலேசியாவுக்கு அனுப்பிய மாதிரி இருந்தது.

"எங்கே நடலாம்?" அம்மையார் வரைபடத்தை விரித்தார்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் மண்ணு சரியில்ல," என்றார். விரலால் தொட்டுக் காட்டினார். அம்மையார் அங்கே பச்சைப் பென்சிலால் வட்டம் போட்டார். "அம்மா கட்டாயம் வந்து பாக்கணும். மழைக்காலத்துல பாக்கணும், அப்பத்தான் செடி அழகா இருக்கும்."

எரிச்சலில் அதையும் ஒப்பித்தேன். அம்மையார் எழுந்து வந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

மெட்ரோவில் திரும்பினோம். வீட்டு வாசலில்தான் வெடித்தேன்.

"உங்க பொண்ணு படிப்பு, பாக். அது ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு லா."

"அப்புறம் ஏன்?"

"அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. பனியில வந்திருந்தாங்க," என்று சொல்லிவிட்டு நிலவறைக்கு இறங்கிப் போனார்.

அண்ணை தலையில் கைவைத்தார். "பெட்டையின்ரை படிப்பை இஞ்சி இனிப்போட சேத்துக் குடுத்திட்டார்." நான் சனிக்கிழமைகளை நிறுத்தினேன். படியில் எதிர்ப்பட்டால் 'சாப்டாச்சா' என்பார். ஆச்சு என்பேன். ஆய்வேட்டின் முடிவுரையில், பயனாளிகளின் தயக்கமே வளர்ச்சிக்குப் பெருந்தடை என்று எழுதினேன். பேராசிரியர் ஓரத்தில் ஒரு டிக் போட்டார்.

மறுவருடக் கோடையில் நான் வேலை கிடைத்து, அதே நகரத்தில் வில்லரே பகுதிக்கு வீடு மாறுகிற நாள். பெட்டிகளை இறக்க அவர்தான் உதவிக்கு வந்தார். இறக்கி முடித்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்தார்.

நடுவில் வெள்ளிமுடி அம்மையார், தலையில் ஓலைத் தொப்பி, கையில் எங்கிருந்தோ தேடிப் பிடித்த ஒரு வெள்ளைச் சேவல். அவர் நின்றுகொண்டிருந்தது ஒரு பாலத்தின் மேல். இரும்புக் கயிறு, பலகைத் தளம், ஒரு ஜீப் போகும் அகலம். கீழே மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் கரை முட்ட ஓடியது. அவருக்குப் பின்னால், வெள்ளைச் சட்டையும் கருநீலப் பாவாடையுமாக நான்கைந்து பள்ளிப் பெண்கள் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் படக்கருவியைப் பார்த்து நின்றிருந்தாள். பாக்கின் சாடை.

"இது எப்படி?" என்றேன்.

"புராஜெக்ட் அந்தப் பக்கம் லா. அம்மா வந்து பாக்கணும். ஜீப் போகணும்ல."

அறிக்கையில் பாலம் என்ற சொல்லே இல்லையாம். 'பார்வையிடல் வசதி' என்ற தலைப்பில் வருகிறதாம்.

"காட்டாமணக்கு?"

"நட்டாச்சு. ஜீப் நிக்கிற வரைக்கும்."

படத்தை மறுபடி பார்த்தேன். ஓரத்தில் கூரை சாய்ந்த வீடு ஒன்று தெரிந்தது. அதன் பின்னால் தகரம் போட்ட நல்ல வீடு இருக்கிறதா என்று தேடினேன். படம் சரியாக அந்த இடத்தில் முடிந்திருந்தது. சேவல் கதையும் அடிபம்புக் கதையும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சிரிப்பாக ஏதாவது கிடைக்காதா என்ற முகத்தோடுதான் அந்தச் சனிக்கிழமைகளில் நான் அவர் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"பாக், அன்னிக்கு அந்த ரூம்லயே உங்களுக்கு இது தெரியுமா? திட்டம் போட்டுத்தான் சொன்னீங்களா, இல்ல, தானா அமைஞ்சதா?"

பெட்டியைத் தூக்கப் போனவர் நின்றார். என் முகத்தை அக்கறையாக, ஒரு கணம் கூடுதலாகவே பார்த்தார்.

"உனக்கு எது வேணும், தங்கச்சி?"